மழை அடிக்கும் மணியும் ஒரு பெட்டிசமும்

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணியை அடிப்பது மழை. இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. விடியுமுன் மழை பெய்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் வெட்டுக்கோட்டில் வழியாமல் மரமெங்கும் பரவி வீணாகிவிடும். ஆகவே பட்டை காயும்வரை பால் வெட்டும் பெண்கள் காத்திருப்பார்கள். வெட்டுப் பிந்தினால் சிரட்டையில் பால் சேர்வது பிந்தும். அதை வாளியில் எடுத்து நிறுவைக் கொட்டிலுக்குக் கொண்டுவருவது பிந்தும். நிறுவை முடிந்து அந்தப் பெண்கள் பள்ளிக்கூட வேலிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தலைமையாசிரியர் சுப்பையா, மாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்பால் தட்டுவார். வெயில் நாளில் பன்னிரண்டே முக்கால். மழை நாளில் ஒன்றரை. மணி பிந்தினால் பள்ளிக்கூடமும் பிந்தி முடியும். உலகத்தில் வேறெந்தப் பள்ளிக்கூடத்திலாவது பிள்ளைகளின் பசிக்கும் மரப்பட்டையின் ஈரத்துக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் எழுதி அறிவியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்து நண்பர்கள் எனக்குக் கடிதம் போடுகிறார்கள். பனி விழுகிறதாம், ஆறு மாதம் சூரியனைக் காணவில்லையாம். நானும் புலம்பெயர்ந்தவன்தான் என்று பதில் எழுதினால் சிரிக்கிறார்கள். பாஸ்போட் இல்லாமல், விமானம் ஏறாமல், ஒரே தீவுக்குள் இருநூறு மைல் வந்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆனால் யாழ்ப்பாணத்துப் பனங்காணியில் நாற்பது வருடம் வெயிலைப் பார்த்த கண்ணுக்கு, எஹலியகொடவிலிருந்து மேலே ஏறுகிற இந்த ரப்பர்க் காடு வெளிநாடு அல்லாமல் வேறென்ன? இங்கே மண் சிவப்பு, மதியமே இருட்டு, காலில் அட்டை. கடைத்தெருவில் சிங்களம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழ் என்னைப் பார்த்து 'வாங்க, போங்க' என்று மரியாதையாகத் தள்ளி நிற்கிறது. நான் இந்தத் தோட்டத்து டிஸ்பென்சர். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குத் தையல், அட்டைக்கடிக்கு அறிவுரை. சனங்கள் என்னை டொக்டர் ஐயா என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

என் மகள் நிருபாவுக்கு அப்போது ஏழு வயது. வந்து சேர்ந்த முதல் வாரத்தில், தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு, "இடைவேளை எத்தனை மணிக்கு?" என்று சுப்பையா மாஸ்டரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஒரு மணி ஆகுமுங்க," என்றார். எங்கள் ஊரில் பத்தரைக்கு மணி அடித்தால் கோயில் மணிக்கூட்டை அதை வைத்துத் திருத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த இடத்திலேயே வியர்த்தது.

என் வியர்வைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கே வருவதற்கு இரண்டு வருடம் முன், சண்டை நெருங்கி ஊரைவிட்டு எல்லோரோடும் எழும்பி நடந்து, காடு கடந்து, வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். சோற்றுப் பார்சலுக்கு வரிசை. காலையில் வரும் என்றார்கள், பிறகு பன்னிரண்டு என்றார்கள். இரண்டரைக்கு லொறி வாசலில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐந்து வயதுப் பிள்ளை ஒரு சத்தமும் இல்லாமல் மடிந்து விழுந்தாள். பதினெட்டு வருடம் மருந்து கொடுத்த மனிதன் நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இஞ்ச ஆராவது டொக்டர் இருக்கிறீங்களோ?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "அண்ணை, நீங்கள்தானே ஆஸ்பத்திரியிலை இருந்தனீங்கள்?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் அந்தப் பசியிலும் சிரித்தார்கள். நானும் பிறகு பல தடவை இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: இனி இந்தப் பிள்ளை சாப்பாட்டுக்காக ஒருநாளும் காத்து நிற்கக்கூடாது என்று அன்றைக்கு எனக்குள் சத்தியம் செய்தேன்.

ஆகவே தோட்டத்தில் போர்க்கால நடவடிக்கை தொடங்கியது. நிருபாவின் பென்சில் பெட்டியில் பென்சில்களை அகற்றி மாரி பிஸ்கட் அடுக்கினேன். காலுறைக்குள் குளுக்கோஸ் பொட்டலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஒத்திகை: மகள் மேசையில் மாணவி, நான் கரும்பலகைக்கு முன் சுப்பையா மாஸ்டர். நான் திரும்பி எழுதும்போது அவள் பிஸ்கட்டைக் கடிக்காமல், சத்தம் வராமல், வாயில் ஊறவைத்து விழுங்க வேண்டும். "அப்பா, ஊறினா சீமெந்து மாதிரிக் கிடக்கு," என்றாள். "மூச்சை மூக்காலை விடு," என்றேன். என் மனைவி சறோ கதவு நிலையில் சாய்ந்து இதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் முதல் பிழை.

பிஸ்கட் தீர்ந்ததும் சந்திக்கடைக்குப் போனேன். கடை முதலாளி நல்ல மனிதர், சிங்களவர். ஒரு டசின் பைக்கற் கேட்டதும் நிமிர்ந்து, "ஒச்சர பிஸ்கட் மொகடத மாத்தயா?" என்றார். இவ்வளவு பிஸ்கட்டும் எதற்கு ஐயா என்கிறார். பிள்ளைக்குச் சாப்பாடு பிந்துகிறது, பசி வருகிறது என்று சொல்ல நினைத்து, என்னிடமிருந்த நான்கு சிங்களச் சொற்களைப் பொறுக்கிக் கோத்தேன்: "பஸ்ஸே படகினி எனவா." இனிமேல் பசி வரப்போகிறது என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்து மனிதன், டசின் பிஸ்கட், வரப்போகும் பசி. ஊரடங்கோ பெரும் சண்டையோ வருகிறது, மாத்தயாவுக்கு அங்கிருந்து செய்தி வந்துவிட்டது என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். மாலையாவதற்குள் கடையில் அரிசி இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. அடுத்த நாள் காலை காவலரணில் இருந்து ஒரு சார்ஜன்ட் வந்து, என் அடையாள அட்டையை முன்னும் பின்னும் பார்த்து, அந்தச் செய்தி எப்படிக் கிடைத்தது என்று மரியாதையாக விசாரித்தார். நான் மகளின் பென்சில் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார், பிறகு அதைத் தின்றார். வழக்கு அத்துடன் முடிந்தது.

இதற்குப் பிறகு ஒரு யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான்? பெட்டிசம் எழுதுவான், முறைப்பாட்டு மனு. மதகு உடைந்தால் பெட்டிசம், அயல் வீட்டு முருங்கை வேலி தாண்டினால் பெட்டிசம் என்று வளர்ந்த இரத்தம். மேலிடத்துக்கு எழுதுவது, எழுதியவன் யாரென்று தெரியாமல் எழுதுவது, இரண்டும் எங்களுக்கு மூச்சு மாதிரி. கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். 'மேற்படி பாடசாலையில் பயிலும் பாலகர்கள் உச்சிப்பொழுது கடந்தும் உண்ணாநிலையில் வைக்கப்படுகின்றனர். இதனால் தலைச்சுற்று, கைநடுக்கம், குளிர்வியர்வை, கண் இருட்டல் முதலியன ஏற்படக்கூடும். இடைவேளையைப் பத்தரை மணிக்கு நிர்ணயிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். இவ்வண்ணம், பொதுமகன்.' கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதி, எஹலியகொட வரை பஸ்ஸில் போய்த் தபாலில் சேர்த்தேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்று கிழமை கழித்து சுப்பையா மாஸ்டர் மருந்துச்சாலைக்கு வந்தார். இதே தோட்டத்து லயத்தில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே படிப்பிக்கிற மனிதர். தலையிடி என்றார். மாத்திரை கொடுத்தேன். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு கடிதத்தை எடுத்து என் மேசையில் விரித்தார். என் இடது கை அங்கே என்னைப் பார்த்துப் பல்லிளித்தது.

"பெட்டிஷன் ஒண்ணு போயிருக்குங்க. விளக்கம் கேக்குறாங்க," என்றார். "பொதுமகன்னு போட்டிருக்காரு. நம்ம தோட்டத்துல அப்படி யாரும் இருக்காங்களா ஐயா?"

"நான் புதிசுதானே மாஸ்டர்," என்றேன்.

"அதாங்க. படிச்ச மனுசன் மாதிரி தெரியுது. நோயெல்லாம் வரிசையா எழுதியிருக்காரு." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "எனக்கு ஆபீசுக்கு எழுதுற தமிழ் வராதுங்க. பதிலை நீங்கதான் எழுதித் தரணும்."

என் பெட்டிசத்துக்கு நானே பதில் எழுத உட்கார்ந்தேன். இப்படி ஒரு நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது. அப்போதுதான் அவர் காரணத்தைச் சொன்னார். பத்தரைக்கு அந்தப் பெண்கள் மலையில் பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். விட்டுவிட்டு வந்தால் பால் சிரட்டையிலேயே கட்டியாகிவிடும், அந்த நாள் சம்பளம் போய்விடும். விடிய ஐந்தரைக்குப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அதற்குள் ஒரு அடுப்பில் சுட முடிகிற ரொட்டியில் காலைப்பங்கு போக மிச்சம் ஒரு துணியில் முடியப்பட்டுத் தாயோடு மலைக்குப் போகிறது. அது தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே முடிச்சு. "முன்னாலயே பிரிச்சுக் குடுக்க முடியாதுங்க. எத்தன ரொட்டி, யாருக்கு எவ்வளவு பசின்னு கூட உக்காந்து திங்கும்போதுதான் தெரியும். அதுனாலதான் மணிய அவங்க வர்ற நேரத்துக்கு அடிக்கிறோம். எங்க அம்மா காலத்துலயும் அப்படித்தான்."

எல்லாம் விளங்கியது. நன்றாகவே விளங்கியது. விளங்கிக்கொண்டு, பேனாவைத் திறந்து, அந்தக் காரணத்தில் ஒரு வரிகூடச் சேராமல், 'நீண்டகால வழக்கம் கருதி இவ்வாறு நடைமுறைப்படுத்தப்படுகிறது, மேலதிகாரிகளின் பணிப்புக்குக் கட்டுப்படுவோம்' என்று அழகான தமிழில் எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தோற்பதற்காகவே ஒரு கடிதம் எழுதினேன். என் கண்ணுக்கு முன் வவுனியா லொறி திரும்பிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் வாசித்தார். மடித்தார். "ரொம்ப உபகாரமுங்க," என்று எழுந்து போனார்.

ஒரு மாதத்தில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, கடிகாரத்தைப் பார்த்து, இடைவேளை பத்தரை என்று, பள்ளிக்கூடத்து நடப்புகளைப் பதிகிற சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை பத்தரைக்கு மணி அடித்தபோது மருந்துச்சாலை யன்னலில் நின்று கேட்டேன். எங்கள் ஊர் மணியின் சத்தமே கேட்டது போல இருந்தது. அன்று இருமலுக்கு வந்த ஒரு கிழவருக்குக் காசில்லாமல் என் சொந்தப் போத்தலில் இருந்து பனங்கற்கண்டு கொடுத்தேன். வெற்றி மனிதனைத் தாராளமாக்குகிறது.

புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு மருதாயி என்ற பால்வெட்டுக்காரி என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நிருபாவின் கை தொங்கிக்கொண்டு வந்தது. எத்தனை புத்தகம் படித்து என்ன, எத்தனை பேருக்கு ஊசி போட்டு என்ன? "ஆரையாவது கூப்பிடுங்கோ, டொக்டரைக் கூப்பிடுங்கோ," என்று கத்தினேன்.

"நீங்கதாங்க டொக்டரு," என்றாள் மருதாயி. என்னைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினாள். "சீனி எங்க இருக்கு?"

சீனி கரைத்த தேத்தண்ணீரை அவளே ஊட்டினாள். நிருபா கண்ணைத் திறந்ததும் மருதாயி இடுப்பிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். தடித்த ரொட்டி, சிவந்த சம்பல். ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து நீட்டினாள். என் மகள் வாயைத் திறந்தாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. பழகிய வாய் பழகிய கைக்குத் திறக்கிற மாதிரி.

"பத்தரைக்கெல்லாம் இந்தப் புள்ள சாப்புடாதுங்க," என்றாள் மருதாயி. "எங்க மக கோமதியோட உக்காந்துதான் சாப்புடும். நம்ம புள்ளைங்க எல்லாம் பத்தரைக்கு வெறும் தண்ணியக் குடிச்சிட்டு மண்ணுல கோடு கிழிச்சுக்கிட்டு இருக்குதுங்க. இது தன்னோட இடியப்பத்த அதுகளுக்குப் பங்கு வச்சிட்டு, மூணு நாளா வெறும் வயித்தோட இருந்திருக்கு. மாஸ்டர் ஆள் அனுப்புனதும் பால் வாளிய அப்படியே வச்சிட்டு ஓடியாந்தேன்." பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "பால் கட்டியாகியிருக்கும்," என்றாள்.

"எத்தனை நாளாய் இவள் உங்களோடை சாப்பிடுறாள்?" என்று கேட்டேன்.

மருதாயி வாசலைப் பார்த்தாள். சறோ மூச்சு வாங்க ஓடிவந்து வாசலில் நின்றாள். கேள்வி அவளுக்கும் கேட்டிருந்தது.

"நாங்கள் வந்த இரண்டாம் கிழமையிலை இருந்து," என்றாள் என் மனைவி. "மருதாயி அக்காதான் சொல்லித் தந்தவ. விடிய ஆறு மணிக்குத் தேங்காய்ப்பூப் போட்டுத் தடிப்பாய் ரொட்டி சுட்டு ஒண்டு குடுத்தால் ஒரு மணி வரைக்கும் தாங்கும் எண்டு. நீங்கள் கிணத்தடியிலை நிக்கேக்கை குடுத்திடுவன். மத்தியானம் இவையோடை இருந்து சாப்பிடுவாள். பிள்ளை ஒருநாளும் களைச்சு வரேல்லை. பத்தரைக்குச் சாப்பாடு எண்டு வந்தாப்பிறகுதான் விடியக் குடுக்கிற ரொட்டியை நிப்பாட்டினனான். நீங்கள் வைச்ச பிஸ்கட்டை வகுப்பு முழுக்கத் திண்டது."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னால் பெட்டிசம் எழுதுவியள் எண்டு பயந்தம்," என்றாள் சறோ. சிரிக்காமல் சொன்னாள்.

சொல்கிறேன், வாசிக்கிறவர்களே, அந்த நிமிடம் மாதிரி ஒரு துரோகத்தை நான் அனுபவித்ததில்லை. ஊர் போனது, வீடு போனது, அதெல்லாம் பெரிய ஆட்கள் சேர்ந்து செய்த காரியம். இது என் சமையலறையில் நடந்திருக்கிறது. நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு என் மகளின் பசிக்காகப் பதறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பத்து யார் தூரத்தில், அவள் வயிறு நிறையத் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அந்தச் சீமெந்துப் பிஸ்கட்டை எனக்காக விழுங்கியிருக்கிறாள். பசித்திருந்தது நான் மட்டும். ஏன் மறைத்தார்கள் என்று சறோ முழுவதும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். லயத்துச் சாப்பாடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாத மாதிரி நடந்துகொண்டேன். மருதாயி வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீருக்கு எந்தக் கோப்பையை எடுக்கவேண்டும் என்று சறோவுக்கு என் கண் சொல்லும்.

பின்னேரம் மாஸ்டரிடம் போனேன். கோபத்தோடு போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்தரைக்குப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், என் மகள் சாப்பிடாததையும் பார்த்திருப்பார்தானே, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மேசையிலிருந்த சோக்குத் துண்டுகளை ஒரு டின்னுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார்.

"நோய் பேரெல்லாம் பாத்ததுமே பொதுமகன் யாருன்னு தெரிஞ்சுதுங்க," என்றார். "அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். கோவத்துல எழுதியிருப்பாரு, காரணத்தச் சொன்னா சரியாகிடுவாருன்னு நெனச்சேன்."

"நான் எழுதின பதிலை வாசிச்சனீங்கள்தானே? அதை ஏன் அனுப்பினீங்கள்?"

"வாசிச்சேங்க. நான் சொன்ன எதுவும் அதுல இல்ல. ஆனா நீங்க டொக்டரு. எங்க புள்ளைங்களுக்கு மருந்து குடுக்குற ஆளு. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் வச்சிருப்பீங்கன்னு நம்பி அனுப்பிட்டேன்."

நான் கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

அன்றே இரண்டாவது பெட்டிசம் எழுதினேன். வலது கையால். பால், சிரட்டை, ஒரே முடிச்சு ரொட்டி, எல்லாம் எழுதினேன். முதல் பெட்டிசம் எழுதியதும், அதற்குப் பதில் எழுதியதும் நானே என்றும் எழுதி, முழுப் பெயரும் பதவியும் போட்டுக் கையொப்பம் வைத்தேன். பெயர் போட்டுப் பெட்டிசம் எழுதிய முதல் யாழ்ப்பாணத்தான் நானாக இருக்கலாம். அதனாலோ என்னவோ, இன்றுவரை பதில் இல்லை. பெயரில்லாத கடிதத்துக்கு ஜீப்பில் வந்தவர்கள் பெயர் போட்ட கடிதத்துக்குச் சைக்கிளில்கூட வரவில்லை. ஒருவருடைய சம்பவத்திரட்டுக் குறிப்பை இன்னொருவர் வெட்ட முடியாதாம். ஆகவே சுப்பையா மாஸ்டர் இப்போது இரண்டு மணி அடிக்கிறார். பத்தரைக்கு ஒன்று, அது கடதாசிக்கு. பிள்ளைகள் எழுந்து நின்று, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நிறுவை முடிந்ததும் இன்னொன்று.

மருதாயியின் அன்றைய பாலைப் பற்றி நான் ஒருநாள் பேச்செடுத்தேன். "போனது போச்சுங்க, புள்ள எந்திரிச்சிருச்சுல்ல," என்றாள். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அலுவலகத் தமிழாக இருந்தது.

இன்று விடிய மழை. பத்தரை மணி அடித்ததும் என் வயிறு பழைய விசுவாசத்தில் எழுந்து உட்கார்ந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன், மூடினேன். ஒன்றரைக்கு இரண்டாவது மணி கேட்டபோது பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலிக்கு நடந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் மகளின் உடல்நிலையைப் பார்க்க என்று சொல்வதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஈரப் பாவாடையும் பால் மணமுமாகப் பெண்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதிக்கும் நிருபாவுக்கும் நடுவே மருதாயி ஒரு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி என்னைப் பார்த்து, "யாருடி இவரு?" என்று நிருபாவிடம் கேட்டாள்.

"எங்க அப்பாதான்," என்றாள் என் மகள், வாயில் ரொட்டியோடு. "இவரு யாழ்ப்பாணம். நாங்க சாப்புடுறது இவருக்கு ஒத்துக்காது."

எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். ஒரு ஆள் உட்காரத் தாராளமாகப் போதுமான இடம். மருதாயி கையிலிருந்த துண்டை என் பக்கம் நீட்டினாள். ஒரு கையில் என் இடியப்பப் பெட்டி, மற்றக் கையில் அவளுடைய ரொட்டி. எதை முதலில் கீழே வைப்பது என்று தெரியாமல், மரத்திலிருந்து சொட்டுகிற மழையில், நான் இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன்.